படி நகர்ந்தாலும் படிதான்

"ரெண்டும் ஒண்ணுதானே, மோட்டார் வெச்சு ஆளை இழுத்துக்கிட்டுப் போற மெஷினுதானே" என்கிறார்கள். விமான நிலையத்தில் தரையோடு தரையாய் ஓடுகிற நகரும் நடைபாதையையும், மால்களிலும் ரயில் நிலையங்களிலும் ஓயாமல் ஏறிக்கொண்டிருக்கிற நகரும் படிக்கட்டையும் ஒரே மூச்சில் 'எஸ்கலேட்டர்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பேச்சுக்கு அது போதும். ஆனால் அரசாங்கம் திட்டம் போடும்போதும், பொறியாளர் வரைபடம் போடும்போதும், பத்திரிகைக்காரன் 'வளர்ச்சி' பற்றிக் கட்டுரை எழுதும்போதும் இந்த ரெண்டையும் ஒண்ணாக்கிவிட்டால் பாதிக்கப்படுவது யார் என்று கேட்டாக வேண்டும்.

ஒன்று பாதை. இன்னொன்று படி. பாதைக்கும் படிக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாதவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்றும் நமக்குத் தெரியும். எந்தப் படியிலும் ஏறாதே என்று ஒருநாளும் சொல்லப்படாதவர்கள் அவர்கள்.

1

முதலில் இயந்திரத்தைப் பார்த்துவிடுவோம். தத்துவம் பேசுகிறவர்கள் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை, இயந்திரம் செய்கிறவர்கள் தத்துவம் பேசுவதில்லை. அதனால்தான் ரெண்டு பேரும் நம்மை ஏமாற்ற முடிகிறது.

நகரும் படிக்கட்டு பெரும்பாலும் 30 டிகிரி சாய்வில் நிற்கிறது. சில இடங்களில் 35 டிகிரி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஜோடிச் சக்கரங்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனித் தண்டவாளம். இந்தத் தண்டவாளங்கள் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் ஓடுகிற விதத்தில்தான் படி எழும்புவதும் மட்டமாவதும் நடக்கிறது. கால் வைக்கிற இடத்தில் எல்லாப் படியும் ஒரே மட்டமாய்த் தரையைப்போலப் படுத்துக்கிடக்கும். நம்பி ஏறி நின்றால் ரெண்டு நொடியில் ஒன்று எழும்பும், ஒன்று தாழும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இருபது சென்டிமீட்டருக்கு மேலே உயரம். முன்னால் நிற்பவரின் செருப்பு உங்கள் முழங்காலுக்கு நேராக வந்துவிடும். மேலே போய்ச் சேரும் இடத்தில் மறுபடியும் எல்லாம் மட்டம். ஏறுகிற இடத்திலும் சமத்துவம், இறங்குகிற இடத்திலும் சமத்துவம், நடுவழி பூராவும் ஏற்றத்தாழ்வு. இந்த நாட்டின் அரசியல் சட்டப் புத்தகத்துக்கும் தெருவுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை இதைவிடத் தெளிவாக ஒரு இயந்திரம் காட்டிவிட முடியாது.

நகரும் நடைபாதையில் இந்த வித்தை கிடையாது. ரப்பர் பட்டையோ, ஒன்றோடொன்று கோத்த உலோகத் தகடுகளோ, ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே தளமாய் ஓடும். பெரும்பாலும் கிடைமட்டம். சாய்ந்தாலும் 12 டிகிரியைத் தாண்டாது. அதில் நிற்கிற ரெண்டு பேருக்கு நடுவே 'முன்னே, பின்னே' இருக்கலாம். 'மேலே, கீழே' இருக்காது. பக்கத்திலே நின்று பேசிக்கொண்டு போகலாம். பெட்டியைக் கீழே வைத்தால் அது உருளாமல் பக்கத்திலேயே வரும். குழந்தை வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. தடி ஊன்றிய கிழவி எந்தப் படியின் விளிம்பில் கால் விழுகிறது என்று குனிந்து பார்த்துத் தவிக்க வேண்டியதில்லை.

ரெண்டுக்கும் மோட்டார் ஒன்று, சங்கிலி ஒன்று, ரெண்டு பக்கமும் ஓடுகிற கறுப்புக் கைப்பிடி ஒன்று, முனையில் காலை வாங்கிக்கொள்கிற சீப்புப் பல் தகடு ஒன்று. உறுப்பெல்லாம் ஒன்றுதான். தளம் மட்டும் வேறு. சாதியும் அப்படித்தான் என்று சொல்லத் தேவையில்லை. ரத்தம், எலும்பு, பசி எல்லாம் ஒன்று, நிற்க வைக்கிற தளம்தான் வேறு.

2

இந்தப் படி எப்படி வந்தது என்ற கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் நேதன் ஏம்ஸ் என்பவர் 1859இல் சுழலும் படிக்கட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்கியதோடு சரி, செய்யவில்லை. ஜெஸ்ஸி ரீனோ என்ற பொறியாளர் 1892இல் காப்புரிமை வாங்கி, 1896இல் நியூயார்க்கின் கோனி தீவுக் கேளிக்கைக் கடற்கரையில் ஒன்றை ஓட்டிக் காட்டினார். கவனியுங்கள், அதில் படியே கிடையாது. 25 டிகிரி சாய்வில் ஓடிய பட்டை அது. லண்டனில் ஹாரட்ஸ் கடையில் 1898இல் வைத்ததும் படியில்லாத சாய்ந்த பட்டைதான். ஏறிப்போன சீமாட்டிகளுக்கு மயக்கம் தெளிய மேல்மாடியில் பிராந்தி கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். சாய்ந்த பட்டையில் முப்பது விநாடி நின்றதற்குப் பிராந்தி! தலையில் செங்கல் சுமந்து மூங்கில் சாரத்தில் மூன்று மாடி ஏறுகிறவளுக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

ஆக, ஆரம்பத்தில் இந்த இயந்திரம் பாதையாகத்தான் பிறந்தது. பிறகு சார்லஸ் சீபெர்கர் படி வைத்த வடிவத்தை ஓட்டிஸ் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கினார். 'எஸ்கலேட்டர்' என்ற பெயரை உண்டாக்கியவரும் அவர்தான். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. ஐம்பது வருஷம் அந்தப் பெயர் கம்பெனியின் தனிச்சொத்தாக இருந்தது. 1950இல்தான், இது ஊரார் வாயில் புழங்குகிற பொதுச்சொல்லாகிவிட்டது, இனிமேல் ஒருவருக்குச் சொந்தமில்லை என்று அமெரிக்காவில் முடிவாயிற்று.

ஏன் படி ஜெயித்தது? காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். செங்குத்தாக நின்றால் குறைந்த இடம் போதும். பல மாடிக் கடைகளில் மேல்மாடிக்கு ஆள் ஏறாவிட்டால் மேல்மாடிச் சரக்கு விற்காது. லிப்டுக்குக் காத்திருக்கும் வாடிக்கையாளர் திரும்பிப் போய்விடுவார். அதனால் ஓயாமல் ஏறுகிற படி. யாருடைய கால்வலியைப் பார்த்தும் இரக்கப்பட்டு வந்ததில்லை இது. சதுர அடிக்கு எவ்வளவு வருமானம் என்ற கணக்கிலிருந்து வளர்ந்தது.

இன்னொரு சங்கதி. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் போய்ப் பாருங்கள். மாடிக்கும் மாடிக்கும் நடுவே படியில்லாத சாய்ந்த நகரும் பாதை வைத்திருப்பார்கள். ஏன்? சாமான் வண்டி படியில் ஏறாது. வண்டியின் சக்கரம் பட்டையின் பள்ளத்தில் சிக்கிப் பிடித்துக்கொள்ளும்படி அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். சோப்புக்கும் ஷாம்புக்கும் சக்கரம் இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிகிறது, படியை மட்டமாக்கிவிடுகிறான். மனிதனுக்குச் சக்கரம் இருந்தால் மட்டும் "இடமில்லை, பட்ஜெட் இல்லை, அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்."

3

நடைபாதை ரொம்ப யோக்கியம், படிக்கட்டுதான் அயோக்கியம் என்று நான் எழுதவில்லை. நடைபாதையின் கதையும் கேட்க வேண்டிய கதைதான்.

உலகத்தின் முதல் நகரும் நடைபாதை 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஓடியது. மிச்சிகன் ஏரியில் கப்பலில் வந்து இறங்குகிறவர்களை நீண்ட துறைமேடையின் வழியே கண்காட்சிக்குள் கொண்டுபோய் விட்டது. ரெண்டு தளம்: ஒன்று மெதுவாக, அதை ஒட்டி இன்னொன்று வேகமாக. வேகமானதில் உட்கார பெஞ்சும் இருந்தது. கட்டணம் 5 சென்ட். தரையோடு தரையாய், மேடு பள்ளம் இல்லாமல், காசு கொடுத்த எல்லோரையும் ஒரே மட்டத்தில் ஏந்திக்கொண்டு போனது. போய்ச் சேர்த்த இடம் எது? அந்தக் கண்காட்சிக்கே 'வெள்ளை நகரம்' என்று பெயர். கட்டடங்களின் பூச்சைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். கறுப்பின மக்களுக்கு அந்தப் பெயரின் இன்னொரு அர்த்தம் விளங்காமல் போகவில்லை. கண்காட்சியை நடத்தும் அதிகாரத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. அடிமைத்தனம் ஒழிந்து முப்பது வருஷத்தில் அவர்கள் உழைத்துச் சாதித்ததைச் சொல்ல இடமில்லை. ஆனால் ஆப்பிரிக்காவின் தகோமியிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்து, கிராமம் என்று கொட்டகை போட்டு, வேடிக்கைப் பொருளாக உட்காரவைக்க இடம் இருந்தது.

அப்போது ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர், அடிமையாகப் பிறந்து விடுதலையான ஃபிரெடரிக் டக்ளஸோடும் வேறு இருவரோடும் சேர்ந்து, கொலம்பியக் கண்காட்சியில் கறுப்பு அமெரிக்கன் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். கும்பல் கொலைகளையும் கைதிகளைக் குத்தகைக்கு விடும் கொடுமையையும் அதில் எழுதிவைத்தார்கள். கண்காட்சிக்குள் அதைக் கொடுக்கக் கிடைத்த இடம் எது தெரியுமா? ஹைத்தி நாட்டின் மண்டபம். அடிமைகள் கலகம் செய்து உண்டாக்கிய குடியரசு, தன் பிரதிநிதியாக டக்ளஸை நியமித்திருந்ததால் கிடைத்த ஒரு மூலை. சொந்த நாட்டுக் கண்காட்சியில் நிற்க அந்நிய நாட்டின் நிழல் வேண்டியிருந்தது.

அதே 1893 செப்டம்பரில், அதே சிகாகோவில், அதே கண்காட்சியையொட்டி நடந்த சர்வமத மாநாட்டில் விவேகானந்தர் பேசியதை நம் பள்ளிக்கூடங்களில் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஐடா பி. வெல்ஸ் அங்கே நின்று கொடுத்த சிறுநூலைப் பற்றி எந்தப் பாடத்திலாவது ஒரு வரி படித்திருக்கிறீர்களா?

1900 பாரிஸ் கண்காட்சியில் ரெண்டு இயந்திரமும் ஒன்றாக வந்தன. நகரும் படிக்கட்டுக்குப் பரிசு. அதோடு, சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்காட்சியைச் சுற்றி ஓடிய நகரும் நடைபாதை. அதற்கு 'எதிர்காலத் தெரு' என்று பெயர் வைத்தார்கள். எதிர்காலத் தெருவில் நின்றுகொண்டு மக்கள் பார்த்தவற்றில் காலனிநாட்டு மனிதர்களின் காட்சிக் குடில்களும் உண்டு. ஆனால் அதே கண்காட்சியின் இன்னொரு கட்டடத்தில் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸும் தோழர்களும் கறுப்பின மக்களின் வாழ்க்கையை வண்ண வரைபடங்களாகவும் நூற்றுக்கணக்கான புகைப்படங்களாகவும் மாட்டிவைத்திருந்தார்கள். எத்தனை ஏக்கர் நிலம், எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் என்ன தொழில் என்று கணக்குக் காட்டினார்கள். அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தளம் மட்டமாய் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது, வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மட்டமான தளம் ஆரம்பம்தான். அந்த ஆரம்பத்தைக்கூடத் தராமல் படியைக் கட்டி அதற்கு மோட்டார் மாட்டிவிட்டு "எல்லோருக்கும் வசதி" என்று பலகை எழுதுகிறவர்களைத்தான் இங்கே கேள்வி கேட்கிறேன்.

4

எங்க அம்மா கீரை விற்றவள். விடிகாலை ரயிலில் கூடையோடு போய் இறங்குவாள். அவள் இறங்குகிற நிலையத்தில் நகரும் படிக்கட்டு வந்தது. திறப்பு விழா, ரிப்பன், தினசரியில் படம். மறுநாள் அம்மா கூடையோடு அதன் அடியில் போய் நின்றிருக்கிறாள். "கூடை எல்லாம் ஏத்தக்கூடாது, அந்தப் பக்கம் போ" என்றிருக்கிறான் காவலுக்கு நின்றவன். அவன் சொன்னதில் இயந்திர நியாயம் இருக்கிறது. தலைச்சுமையோடு, சேலை முந்தானையோடு, ஒரு கை கூடையிலும் ஒரு கை காற்றிலுமாக, நகர்கிற படியில் ஏறினால் விழத்தான் விழுவாள். சேலை நுனி படியின் பக்கவாட்டு இடுக்கில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்த நியாயத்தைக் கட்டுவதற்கு முன்னாலே யோசித்திருக்க வேண்டாமா? அந்த நிலையத்தில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் சுமையோடு வருகிறவர்கள் என்று பார்த்தாலே தெரியுமே! சாய்தளம் கேட்டால் இடமில்லை. லிப்ட் மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும், அதுவும் பூட்டிக் கிடந்தது. அம்மா பழைய படியிலேயே ஏறினாள். "அது நமக்கில்லடா, கை வீசிக்கிட்டு வர்றவங்களுக்கு" என்றாள். ஒரு பொறியியல் கல்லூரியும் சொல்லித்தராத இலக்கணத்தை அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். நகரும் படிக்கட்டு என்பது கை வீசிக்கொண்டு வருகிறவர்களுக்கான சாதனம்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1990 மார்ச் 12ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் தங்கள் சக்கர நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அவர்களோடு படி படியாய் ஊர்ந்து போனாள். படி என்றால் என்ன என்று ஆட்சியாளர்களுக்கு உடம்பால் எழுதிக் காட்டினார்கள். அந்த ஜூலை 26இல் அவர்களுக்கான உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அந்தச் சட்டத்தின் கட்டட விதிகளில், தடையற்ற வழி என்றால் மட்டமான நடைவழி, சாய்தளம், லிப்ட் என்று வரிசை போட்டிருக்கிறார்கள். நகரும் படிக்கட்டு அந்த வரிசையில் இல்லை. சாய்தளத்துக்கு வைத்த உச்ச அளவு 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம், அதாவது 5 டிகிரிக்கும் குறைவு. நகரும் படிக்கட்டின் 30 டிகிரியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாய்ந்த நகரும் நடைபாதைகூடச் சக்கர நாற்காலிக்கு ஆபத்துதான். உயரம் ஏற லிப்டும், தூரம் போக மட்டமான பாதையும் வேண்டும்.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். 2016இல் உரிமைச் சட்டம் வந்தது. பழைய பொதுக் கட்டடங்களையெல்லாம் ஐந்து வருஷத்துக்குள் தடையற்றதாக மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. விதிகள் 2017இல் வந்தன. ஐந்து வருஷம் 2022இல் முடிந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8இல் சொன்ன தீர்ப்பு, அரசின் விதியே கட்டாயமற்ற பரிந்துரையாக இருக்கிறது, அது சட்டத்துக்கு முரண் என்று அந்த விதியை ரத்து செய்தது. யோசித்துப் பாருங்கள். ஏழு வருஷமாக 'செய்யலாம்' என்றிருந்ததைச் 'செய்தே ஆக வேண்டும்' என்று ஆக்கச் சொல்ல உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை நிலையங்களில் எத்தனை நகரும் படிக்கட்டுகளுக்கு ரிப்பன் வெட்டியிருப்பார்கள்!

5

இயந்திரத்தை விடுங்கள். இயந்திரத்தை உவமையாக்கி ஒரு அரசியல் பண்ணுகிறார்களே, அதைப் பார்ப்போம்.

"வளர்ச்சி என்பது எஸ்கலேட்டர் மாதிரி. ஏறி நின்னாப் போதும், எல்லாரும் மேலே வந்துடுவாங்க. கீழே நிக்கறவங்க கொஞ்சம் பொறுமையா இருக்கணும்." தாராளமயம் வந்த 1991க்குப் பிறகு இந்தப் பாட்டை எத்தனை குரலில் கேட்டுவிட்டோம்! பொருளாதார நிபுணர் பாடுகிறார், ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கம் பாடுகிறது, இட ஒதுக்கீடு எதற்கு என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரரும் பாடுகிறார்.

எஸ்கலேட்டரில் ஒருநாளாவது நின்றவன் யோசித்தால் இந்த உவமையின் பித்தலாட்டம் தெரிந்துவிடும். பத்துப் படி கீழே நிற்கிறவன் கடைசிவரை பத்துப் படி கீழேதான் நிற்கிறான். இயந்திரம் வேகமாக ஓடினாலும் அதே பத்துப் படி. எல்லோரும் நகர்கிறார்கள் என்பது உண்மை. எவனுக்கும் எவனுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் புள்ளிவிவரமாகப் போடுகிறார்கள்.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, இந்து சமூகத்தை ஏணியும் வாசலும் இல்லாத பல மாடிக் கோபுரமாக வர்ணித்தார். பிறந்த மாடியிலேயே சாக வேண்டும். கீழ்மாடிக்காரன் எவ்வளவு தகுதி உள்ளவனானாலும் மேலே போக முடியாது, மேல்மாடிக்காரன் எவ்வளவு தகுதியற்றவனானாலும் கீழே தள்ள முடியாது. நூறு வருஷம் கழித்து இப்போது வந்து சொல்கிறார்கள்: "அந்தக் காலம் போச்சுங்க, இப்பத்தான் ஏணி வெச்சுட்டோமே, அதுவும் மோட்டார் வெச்ச ஏணி!" கோபுரத்தை இடிக்கச் சொன்னால் அதற்கு எஸ்கலேட்டர் மாட்டித் தருகிறார்கள். மாடி மாடியாகவே இருக்கிறது. யாரோ ரெண்டு பேர் ஏறிப் போனதைப் படம் எடுத்து மாட்டுகிறார்கள். படிநிலைச் சமத்துவமின்மை என்று அவர் சொன்னதில் கொடுமையே இதுதான்: ஒவ்வொருவனும் தனக்கு மேலே நிற்கிறவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே, தனக்குக் கீழே ஒருவன் நிற்கிறான் என்ற ஆறுதலில் பிழைக்கிறான். எஸ்கலேட்டரில் அந்தக் காட்சியை நேரிலேயே பார்க்கலாம்.

"திறமை உள்ளவன் நடந்து ஏறட்டும், மத்தவன் ஓரமா நிக்கட்டும்" என்று அடுத்த வாதம். லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் இதையே ஒழுக்கமாக்கி வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் நில், இடப்பக்கத்தை அவசரக்காரனுக்கு விடு. 2015இல் ஹோல்போர்ன் நிலையத்தில் மூன்று வாரம் சோதனை செய்தார்கள். ரெண்டு பக்கமும் நில்லுங்கள், யாரும் நடக்காதீர்கள் என்றார்கள். ஆத்திரப்பட்டவர்கள் நிறைய. முடிவு என்ன? நெரிசலான ஒரு மணி நேரத்தில் சுமார் 2500 பேரை ஏற்றிய படிக்கட்டு 3250 பேரை ஏற்றியது. நெட்டையான அந்தப் படியில் நடந்து ஏறத் தெம்பும் அவசரமும் உள்ளவர்கள் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேருக்காகப் பாதி இயந்திரம் காலியாகக் கிடந்தது. மீதிப்பேர் கீழே வரிசையில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். 'மெரிட்' பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளட்டும். அவசரக்காரனுக்குத் தனிப்பாதை ஒதுக்கினால் மொத்தச் சமூகமும் மெதுவாகிறது.

6

படியின் மேலே நிற்கிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். படியின் கீழே?

1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மரத்தாலான நகரும் படிக்கட்டில் தீப்பிடித்து 31 பேர் செத்தார்கள். ஒரு தீக்குச்சி. அணையாத குச்சி இடுக்கு வழியாகக் கீழே விழுந்தது. அங்கே பல வருஷத்து மசகு எண்ணெய்ப் பிசுக்கும், தூசியும், காகிதமும், துணிநூலும் மண்டிக்கிடந்தன. 1940களில் கட்டியதிலிருந்து அந்தத் தண்டவாளப் பகுதி முழுசாக ஒருமுறைகூடச் சுத்தம் செய்யப்படவில்லை என்று டெஸ்மண்ட் ஃபெனல் தலைமையில் நடந்த விசாரணை சொன்னது. சாய்ந்த படிக்கட்டின் பள்ளம் தீயைப் படுக்கவைத்து, வேகமாக மேலே அனுப்பி, டிக்கெட் கொடுக்கும் கூடத்தில் வெடிக்கவைத்தது. அதற்கு முன்னாலும் சின்னச் சின்னத் தீ வந்திருக்கிறது. "புகைச்சல்" என்று பேர் வைத்துக் கடந்துபோனார்கள்.

மேலே ஓடுகிற ஒவ்வொரு படியும் கீழே தலைகீழாகத் திரும்பி வருகிறது. பளபளப்பான பக்கம் நமக்கு. பிசுக்கும் அழுக்கும் கீழே இறங்குகிறவனுக்கு. அந்தக் குழிக்குள் இறங்குகிறவனுக்கு என்ன சம்பளம், என்ன பாதுகாப்பு, நிரந்தர வேலையா ஒப்பந்தமா, மோட்டாரின் சுவிட்சை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று எந்தத் திறப்பு விழாவிலாவது கேட்டிருக்கிறார்களா? கீழே பார்க்காத சமூகம் ஒருநாள் மேலேயே எரியும் என்பதற்குக் கிங்ஸ் கிராஸ் சாட்சி.

7

"அப்படின்னா மலைமேலே குடியிருக்கறவன் என்ன பண்ணுவான், அங்கேயும் நடைபாதையா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் இருக்கிறது.

கொலம்பியாவின் மெதெயின் நகரத்தில் கொமுனா 13 என்கிற ஏழைகளின் குன்று. 2002 அக்டோபரில் ராணுவமும் போலீசும் ஹெலிகாப்டரோடு புகுந்து வேட்டையாடிய இடம். கொலை, காணாமல் போனவர்கள் என்று இன்றைக்கும் ஆறாத ரணம். அந்தக் குன்றில் வீடுகளுக்குப் போக மக்கள் ஏறிய உயரம் 28 மாடிக் கட்டடத்துக்குச் சமம். 2011 டிசம்பரில் அங்கே 384 மீட்டர் நீளத்துக்கு ஆறு பகுதிகளாக வெட்டவெளி நகரும் படிக்கட்டு வைத்தார்கள். கடைக்குள் இல்லை, விமான நிலையத்தில் இல்லை, சேரியின் நடுவில். இதை நான் வரவேற்கிறேன். கால் கடுக்க ஏறியவர்களுக்காக அவர்கள் தெருவிலேயே கட்டியது அது. ஆனால் அங்கேயும் சக்கர நாற்காலி கீழேயே நிற்கிறது. பிறகு சுற்றுலாக்காரர்கள் கேமராவோடு வந்து குவிந்தார்கள். ஒரு இயந்திரம் வந்ததாலேயே 2002க்கு நீதி கிடைத்துவிட்டது என்றும் ஆகிவிடாது.

ஹாங்காங்கைப் பாருங்கள். 1993இல் திறந்த மத்திய மலைச்சரிவுப் பாதை 800 மீட்டருக்கு மேல் நீளம், 135 மீட்டர் உயரம். படிக்கட்டும் சாய்ந்த நடைபாதையும் கலந்து கட்டியது. காலை 6 மணியிலிருந்து 10 மணிவரை கீழ்நோக்கி ஓடும். பிறகு நள்ளிரவுவரை மேல்நோக்கி ஓடும். ஏன்? மேலே வசதியாகக் குடியிருந்து கீழே ஆபீசுக்குப் போகிறவர்களின் நேரம் அது. காலையில் கீழேயிருந்து மேலே அந்த வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஓரத்துச் சாதாரணப் படியில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, வர்க்கம் தெரியாது என்பார்கள். அது எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று பொத்தானை அழுத்துகிறவனுக்குத் தெரியும்.

8

ஆகவே தோழர்களே, நம் ஊரில் நிலையம் வருகிறது, மேம்பாலம் வருகிறது, ஆகாய நடைபாதை வருகிறது என்றால் கை தட்டுவதற்கு முன்னால் வரைபடத்தைக் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு மனு கொடுத்துப் பிரயோஜனமில்லை. படியா, பாதையா? எத்தனை டிகிரி? கூடைக்காரி எப்படிப் போவாள்? சக்கர நாற்காலி எப்படிப் போகும்? லிப்ட் இருந்தால் அதன் சாவி யார் இடுப்பில் தொங்கும்? எந்த நேரத்தில் எந்தத் திசை? பழுதானால் எத்தனை நாளில் சரியாகும்? குழிக்குள் இறங்குகிறவன் யார், அவனுக்கு என்ன உத்தரவாதம்? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005இலிருந்து நம் கையில் இருக்கிறது.

எழுதுகிற தோழர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். முன்னேற்றத்தைச் சொல்ல ஏணி, படி, உயரம், சிகரம் என்று அவர்களுடைய அகராதியிலிருந்தே சொல் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம். 'மேலே வந்தான்' என்கிறோம். 'மேலே' என்று ஒன்று இருக்க வேண்டுமென்றால் 'கீழே' என்று ஒன்றை யாராவது ஒருவன் தலையில் கட்ட வேண்டும். நமக்கு வேண்டியது பக்கத்தில் வந்து நிற்கிற உரிமை. தோளுக்குத் தோள் ஒரே மட்டத்தில் நின்று நகர்கிற தரை.

அதைக் கேட்டால் "படிப்படியாகத்தான் வரும்" என்பார்கள். படிப்படியாக வருவதையெல்லாம் மூவாயிரம் வருஷமாகப் பார்த்துவிட்டோம். படியை எடுங்கள், தரையைக் கொடுங்கள். நடக்க எங்களுக்குத் தெரியும்.